ஆறு பாகம் ஆழம்

மலாக்கா ஆறு கடலோடு சேரும் இடத்தில், கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். என் அப்பா அதே கம்பெனியில் தொங்கானில் வேலை செய்தார். மலாக்காவில் கடல் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் இரண்டு மூன்று மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் அகலமான மரப்படகுதான் தொங்கான். அப்பாவுக்கு அதில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரம் பிடிக்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அப்பா என்னை கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படிக்கவைத்தார். தொங்கான் ஆட்கள் மத்தியில் அவருக்கு ஒரே ஒரு பெருமைதான். "எம் பொண்ணுக்கு துரை பேசற இங்கிலீசு பூராவும் வெளங்கும்" என்பார்.

எனக்குப் பூராவும் விளங்காது. அதுதான் என் பயம்.

துரை என்று நாங்கள் சொன்ன மானேஜர், சண்டைக் காலத்தில் போர்க்கப்பலில் இருந்தவர். நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் பாதி கப்பல்காரர் பேச்சு. கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் இல்லை. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு கடிதத்தை என் மேசைமேல் போட்டு, "டீப் சிக்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீப் என்றால் ஆழம், சிக்ஸ் என்றால் ஆறு. ஆழமான ஆறு என்றால் என்ன? கேட்டால், இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை. கோப்புகள் வைக்கும் இழுப்பறைகளுக்கு எண் போட்டிருந்தது. ஆறாம் எண் இழுப்பறையில், ஆழமாக, பின்னால் தள்ளி வை என்கிறார் என்று முடிவுகட்டினேன். அப்படியே வைத்தேன்.

அடுத்தடுத்து அதே சொல் வந்தது. கப்பல்காரர்கள் அனுப்பும் புகார், புதுச் சாயம் விற்கிறவன் அனுப்பிய விளம்பரம், ஒருநாள் ஆறிப்போன காப்பி. காப்பியைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. ஆனாலும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஆறாம் இழுப்பறை மூட முடியாமல் முட்டிக்கொண்டு நின்றது. துரை அதை இழுத்துப் பார்த்தார். தான் தூக்கி எறியச் சொன்ன அத்தனை காகிதமும் அடுக்காக இருந்தது. அவர் சிரித்த சிரிப்பு ஆற்றங்கரைவரை கேட்டிருக்கும். என் காது இரண்டும் எரிந்தது. அழக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சிரித்து முடித்ததும் அவர் எனக்கு விளக்கினார். ஜன்னல் திரையின் கயிற்றை அவிழ்த்து, நுனியில் காகிதப் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் கப்பலில் ஒருவன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்ப்பானாம். கயிற்றில் அங்கங்கே அடையாளம் இருக்கும். ஐந்தாம் பாகத்தில் வெள்ளைத் துணி, ஏழாம் பாகத்தில் சிவப்புத் துணி. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். ஆறாம் பாகத்தில் அடையாளம் ஒன்றும் கிடையாது. வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே கையாலேயே மதிப்புப் போட்டு, "டீப் சிக்ஸ்" என்று கத்துவானாம். கடலில் செத்தவனைக் கடலிலேயே இறக்குவதற்கும் அந்த ஆழமாவது வேண்டும் என்று சொல்வார்களாம். அப்படியே நாளாவட்டத்தில், இனி வேண்டாம் என்று எதை ஒழித்தாலும் அதற்கு இதே பேராகிவிட்டது.

"போட்டால் திரும்பி வரக்கூடாது. அதுதான் அர்த்தம்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் பேச்சிலும் ஒன்றை விடுவது என்றால் தண்ணீரைத்தான் கூப்பிடுகிறோம். கைகழுவினேன் என்கிறோம், தலைமுழுகினேன் என்கிறோம், தண்ணி தெளித்து விட்டாச்சு என்கிறோம். அவர்களுக்குக் கடல், நமக்கு ஒரு செம்புத் தண்ணீர். இதை யாரிடமாவது சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் சொன்னால் இழுப்பறைக் கதையையும் சொல்ல வேண்டும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒரு நொடிகூடத் தயங்கமாட்டேன் என்று மட்டும் மனசுக்குள் உறுதி எடுத்தேன்.

சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு துரை சீமைக்குத் திரும்பத் தயாரானார். அவருக்குப் பதில் வேறொருவர் வரவேண்டும். எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அந்த வாரம் லீவில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காகிதத்தில் ஒரு கறை பட்டாலும் பொறுக்காதவர். அவர் இல்லாத சமயத்தில் துரை அறையைக் காலிசெய்ய ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார், "கீழ்த்தட்டு, டீப் சிக்ஸ்."

கீழ்த்தட்டில் பழைய கப்பல் பட்டியல் கட்டுகள் இருந்தன. கூடவே ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இது முக்கியம். திறந்து பார்த்தேன். உள்ளே தொங்கான் ஆட்களின் செக்ரோல், அதாவது மாதாமாதம் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் எழுதி, பெயருக்கு எதிரே கைநாட்டு வாங்கிய தாள்கள். சண்டைக்கு முந்தியது அடியில். சண்டைக்குப் பிந்தியது மேலே, போன வருஷம் வரைக்கும். அப்பாவின் கைநாட்டு உடனே தெரிந்தது. வின்ச் கம்பி அறுத்த தழும்பு ஒன்று அவர் பெருவிரலில் குறுக்கே ஓடும். மையில் அது வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது.

இதையுமா எறியச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்தும்விட்டேன். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுகளையும் பெட்டியையும் தொங்கானில் ஏற்றச் சொன்னேன். தொங்கானுக்குத் தலைவரைத் தண்டல் என்போம். அவர் அப்பாவோடு இருபது வருஷமாக வேலை செய்தவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மாமா, கப்பல் நிக்கற இடத்துக்குப் போனதும் கடல்ல போட்டுடுங்க. துரை உத்தரவு" என்றேன். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பெட்டியாச்சே பாப்பா" என்றார். "உத்தரவு மாமா" என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே. துரை கப்பலேறிப் போனார். கீழ்த்தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் அப்பா உற்சாகமாக வீட்டுக்கு வந்தார். நாங்கள் காஜா பேராங்கில், செட்டிக் கம்பம் என்ற பழைய குடியிருப்பின் ஓரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

"பிரஜா உரிமைக்கு எழுதிக் குடுக்கறாங்களாம்மா. நம்ம ஆளுங்க பதினொரு பேரும் பேர் குடுத்துட்டோம். அடுத்த வியாழக்கெழம வரச் சொல்லிருக்கான். சண்டைக்கப்புறம் இத்தன வருசமா இங்கதான் இருந்தோம்னு கடுதாசி காட்டணும்."

"என்ன கடுதாசி?"

"எங்கிட்ட என்னா இருக்கு? ஊர்லேர்ந்து வந்த பேப்பரெல்லாம் ஜப்பான்காரன் காலத்துலயே போச்சு. கம்பெனில கைநாட்டு வச்சிருக்கோம்ல, மாசாமாசம்? அது போதும்ங்கறான். நீதான் அங்கயே இருக்கியே, எடுத்துக் குடுத்துட மாட்டே?"

"பாக்கறேன்பா" என்றேன்.

மறுநாள் அவர், "பாத்தியாம்மா?" என்றார். "நாளைக்கு" என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். "கிராணி பிசியா இருக்கார்பா" என்றேன். அப்பா நான் சொன்னதை நம்பினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அலுவலகத்தில் யாரும் பார்க்காத நேரம் கீழ்த்தட்டின் முன் குனிந்து பார்ப்பேன். இல்லாத பெட்டி எங்கே வரும்? ஒரே கடிதத்தை நான்கு தரம் அடித்தேன். பிரஜா உரிமை கிடைக்காதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பாசார் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கவும் பயம். நான் இங்கே மலாக்காவில் பிறந்தவள். அப்பா மட்டும் கப்பலேறிப் போவதாகவும் நான் ஆற்றங்கரையில் நிற்பதாகவும் பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரியும்.

சுதந்திர விழாவுக்கு முந்தின நாள் காலை. நான் மேசையில் இருந்தேன். படியேறும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அப்பா. அவருக்குப் பின்னால் தண்டல் மாமா, கூட்டத்தில் வயதில் மூத்த ஒரு பெரியவர், இன்னும் எட்டுப் பேர். எல்லாரும் துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மகளுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம், நாமே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

பெரிய கிராணி அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கீழ்த்தட்டிலை இருக்கிற அந்தத் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும்."

நான் எழுந்தேன். எழுந்த இடத்திலேயே நின்றேன்.

"என்ன பிள்ளை?"

"பெட்டி இல்லை சார்."

"இல்லையெண்டால்? எங்கை?"

"கடல்ல போட்டாச்சு."

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் சொன்னது?"

"துரை சொன்னார். கீழ்த்தட்டு பூராவும் எறியச் சொன்னார். நான்தான் அனுப்பினேன். உள்ள என்ன இருக்குன்னு பார்த்தேன் சார். பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்."

"அவர் பழைய கப்பல் பட்டியலைச் சொல்லியிருப்பார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை. ரெண்டு நாள் பொறுத்திருந்தால் நான் வந்திருப்பனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அப்பாவைப் பார்க்காமல் தரையையே பார்த்தேன். அவர் மற்றப் பத்துப் பேருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெண்ணுக்கு இங்கிலீஷ் பூராவும் விளங்கும் என்று சொன்னவர் அவர்தான். அவர் குரல் கேட்டது. "சரி, வாங்கப்பா. புள்ளைய வேலை பாக்க விடுவோம்." எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். தண்டல் மாமா மட்டும் திரும்பி வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார். அவர் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது. வெளியே போனேன்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கிராணிக்குப் போகக்கூடாது. எம் வேல போயிரும்."

"என்ன மாமா?"

"அத நான் கடல்ல போடல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தக் கப்பல் லிஸ்டெல்லாம் போட்டேன். அது பூச்சி அரிச்சது. இந்தப் பெட்டில நல்ல கெட்டித் தாளு. யாரு மனசு வந்து தண்ணில போடுவா? செங்கு ஊர்ல எம் மச்சான் கச்சான் கடல விக்கறான்ல, கூம்பு சுத்த தாளு கெடைக்கலன்னான். அவங்கிட்ட குடுத்துட்டேன். நம்ம கைநாட்டுன்னு எனக்குத் தெரியாது பாப்பா. எனக்குப் படிக்கத் தெரியுமா? பெட்டியத் தொறந்தேன், இருட்டுல தாளுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு, குடுத்தேன். அவ்வளவுதான்."

"இரண்டு மாசமா கூம்பு சுத்தறாரா?"

அவர் தன் சைக்கிளை எடுக்கப் போனார்.

வயிற்று வலி என்று பெரிய கிராணியிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டுக்காரம்மா செட்டிக் கம்பத்துக்காரர். அவருடைய முப்பாட்டனாரின் காலத்துக்கும் முந்தி மலாக்காவுக்கு வந்த குடும்பம். நாங்கள் கும்பிடும் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் தமிழ் வராது. அவரிடம் மலாயில்தான் பேசுவோம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளைக் கேட்டேன், தந்தார். கூம்பு சுற்றப் பழைய பத்திரிகை வேண்டும் என்றேன். தாளைத் திரும்ப வாங்க வேண்டுமானால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அந்தப் பதற்றத்திலும் தோன்றியிருந்தது. அவர் வீட்டில் சேர்ந்திருந்த கட்டு முழுவதையும் பின்சீட்டில் வைத்துக் கட்டிவிட்டார்.

தண்டல் மாமா முன்னால் மிதித்தார். நான் பின்னால். வழியெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் வளைவு, கலர்த் தாள், ஏணிமேல் நின்று பாடும் பையன்கள். மறுநாள் திடலில் ஊரே கூடும். அத்தனை பேரும் கச்சான் வாங்குவார்கள். அதை நினைக்க நினைக்க நான் வேகமாக மிதித்தேன். செங்குக்குள் நுழையும்போது மூச்சு நெஞ்சில் அடைத்தது.

கச்சான்காரர் வீட்டு முற்றத்தில் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து கூம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பெரிய கூடைகள். ஒன்று நிரம்பி வழிந்தது. எங்கள் தகரப் பெட்டி வாசலிலேயே இருந்தது. அதற்குள் வறுத்த கடலை. பெட்டியில் மிச்சமிருந்த தாள்கள் பக்கத்தில் ஒரு கட்டாகக் கிடந்தன.

தண்டல் மாமா விஷயத்தைச் சொன்னதும் கச்சான்காரர் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு மெர்டேக்கா, சொதந்திரம் மச்சான். வருசத்துக்கு ஒருநாள் வியாபாரம் இல்ல, ஆயுசுக்கு ஒருநாள். இப்ப வந்து தாளக் குடுன்னா?"

நான் பத்திரிகைக் கட்டை அவர் முன் வைத்தேன். "அண்ணே, ஒரு கூம்புக்கு ஒரு கூம்பு நானே சுத்தித் தரேன். அந்தக் கூடையை மட்டும் பிரிக்க விடுங்க."

"பத்திரிகத் தாளு எண்ண குடிக்கும்மா. இந்தத் தாளு மாதிரி வராது."

அவர் மனைவிதான் அவர் மடியிலிருந்து கூடையை எடுத்தார். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒவ்வொரு கூம்பாகப் பிரித்தோம். அப்போதுதான் அடுத்த இடி. ஒரு தாளை அப்படியே சுற்றவில்லை. நான்காகக் கத்தரித்துச் சுற்றியிருந்தார்கள். மேல்பக்கத் துண்டில் மாதமும் வருஷமும். இடதுபக்கத் துண்டில் பெயர். வலதுபக்கத் துண்டில் கைநாட்டு. ஒரு துண்டு மட்டும் இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. மண் தரையில் துண்டுகளைப் பரப்பி, காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தேன். சேராது. எடுப்பேன். இன்னொன்றை வைப்பேன். கத்தரித்த கோடு கொஞ்சம் வளைந்திருந்ததால் சரியான ஜோடி என்றால் அச்சாகப் பொருந்தும். ஒன்று பொருந்தியது. மாதம், வருஷம், அப்பா பெயர், வெள்ளைக் கோடு ஓடிய கைநாட்டு. நான் அப்படியே குனிந்து அழுதுவிட்டேன்.

"அழாம வேலயப் பாரு பாப்பா" என்றார் தண்டல் மாமா.

மத்தியானம் தாண்டி அப்பா வந்தார். கூட அந்தப் பெரியவரும் வந்தார். வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா முற்றத்தைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான துண்டுகள். நடுவில் நான். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கைநாட்டப் பாத்தா யாரு வெரலுன்னு சொல்லுவேன். நீ பேரப் படி, நான் வெரலப் பாக்கறேன்" என்றார்.

அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. இந்த விரல் தட்டையானது, அது இன்னார். இது நகம் போனது, அது இன்னார். பெரியவர் பத்திரிகையை வாங்கி, ஓரமாக உட்கார்ந்து, கச்சான்காரருக்குக் கூம்பு சுற்ற ஆரம்பித்தார். அவர் கை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் நிறுத்தவில்லை.

"அப்பா, நான் அன்னிக்குத் துரைகிட்ட கேட்டிருக்கணும்" என்றேன்.

"ஏன் கேக்கல?"

"அவர் சிரிப்பாரோன்னு."

அப்பா ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எத்தினியோ பேரு என்னப் பாத்துச் சிரிச்சிருக்காங்கம்மா. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க" என்றார். பிறகு, "இது யாரு பேரு, படி" என்றார்.

வெயில் சாயும்போது நிலவரம் தெரிந்துவிட்டது. சண்டைக்கு முந்திய தாள்கள் பெட்டிக்கு அடியில் இருந்ததால் இன்னும் கத்தரிபடாமல் முழுசாகக் கிடைத்தன. ஆனால் அவை யாருக்கும் வேண்டாம். வேண்டிய வருஷங்கள் மேலே இருந்தவை. அவற்றில் பாதி போய்விட்டது. இருப்பதை வைத்துப் பத்துப் பேருக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று மாதமாவது காட்ட முடிந்தது. பதினோராவது ஆள் அந்தப் பெரியவர். எல்லாருக்கும் பிறகு கடைசியாகக் கைநாட்டு வைப்பது அவர் வழக்கமாம், அதனால் அவர் பெயர் எப்போதும் தாளின் கடைசியில் இருந்தது. கத்தரித்தபோது கீழ்த்துண்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அவற்றைத்தான் முதலில் எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள். நான் எவ்வளவு தேடியும் அவர் பெயர் இருந்த துண்டு சண்டைக்குப் பிந்தியதில் ஒன்றுகூட இல்லை.

அதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அவரே கேட்டார். "எம்பேரு இல்லியோ?"

"தேடிக்கிட்டே இருக்கேன் பெரியப்பா."

"நீ தேடு. நான் சுத்தறேன்" என்றார்.

மறுநாள் விழா. அப்பா என்னைத் திடலுக்குக் கூட்டிப்போனார். பாண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு, ஜனங்கள் "மெர்டேக்கா" என்று எழுப்பிய சத்தம். எனக்கு எதுவும் ஏறவில்லை. புல்லில் எங்கே கசங்கிய கூம்பு கிடந்தாலும் குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். போன வாரம் விற்றதில் ஒன்று இங்கே கிடக்காதா என்று. பத்திரிகைத் தாள்தான் கிடைத்தது. நல்ல புடவை கட்டிய பெண் குப்பை பொறுக்குவதைச் சிலர் நின்று பார்த்தார்கள். "விடும்மா, நிமிந்து பாரு, கொடி ஏறுது" என்றார் அப்பா. நான் நிமிர்ந்தேன். கொடி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் துண்டை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய கிராணியிடம் துண்டுகளைக் கொண்டுபோனபோது, கடலில் போட்டது எப்படித் திரும்பி வந்தது என்று அவர் கேட்டார். தண்டல் மாமா பெயரை நான் சொல்லவில்லை. "கடலுக்குப் போகலை சார்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள், வேலை முடிந்தபிறகு, ஒவ்வொரு துண்டையும் பழுப்பு அட்டையில் கஞ்சிப் பசை தடவி அவரே ஒட்டினார். கறை பட்டால் பொறுக்காத மனிதர், எண்ணெய்க் கறை படிந்த தாள்களைக் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி ஒட்டினார். நான் பதினொரு பேருக்கும் கம்பெனிக் கடிதம் அடித்தேன். ஒரு எழுத்தும் தவறவில்லை.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஓர் இளம் மலாய்க்காரர். அட்டையைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். வறுத்த கடலை வாசம். என்ன இது என்று மலாயில் கேட்டார். பதில் சொல்வது என் முறை. நடந்ததைச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. மைப்பெட்டியை நகர்த்தி, அப்பாவின் பெருவிரலைப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினார். பழைய கைநாட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு முத்திரையை எடுத்தார். பத்துப் பேருக்கும் ஒவ்வொருவராக அப்படியே ஆயிற்று.

பெரியவருக்கு மட்டும், கம்பெனிக் கடிதம் தனியாகப் போதாது என்று, வேறு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார். பத்துப் பேரும் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். ஆனால் வாடகை வீட்டுக்காரர் யாராவது எழுதித் தந்தால்தான் நல்லது என்றார். பெரியவர் ஒரு நாளும் வாடகை வீட்டில் இருந்ததில்லை. தொங்கானிலும் கிடங்கிலுமே படுத்து எழுந்தவர். அதைச் சொன்னபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் வாங்க" என்றார், உண்மையாகவே வருத்தத்தோடு.

நான் அவரை மறுபடியும் கூட்டிப்போகத் தயாராக இருந்தேன். இரண்டு தரம் போய் நின்றேன். "வெள்ளிக்கெழம பாக்கலாம்" என்பார். வெள்ளிக்கிழமை போனால், "கப்பல் வந்திருக்கு" என்பார். மூன்றாம் தரம் அப்பாவும் கூட வந்தார். பெரியவர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "அந்த ஆபீசுப் புள்ளாண்டான் மூஞ்சியப் பாத்து, திரும்பத் திரும்ப கடுதாசி இல்லன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்குப்பா. யாரும் என்னப் போன்னு சொல்லல. இருக்கேன்" என்றார்.

அவரை யாரும் அனுப்பவில்லை. பாசாரில் பேசிக்கொண்டது வெறும் பேச்சுதான். ஆனால் நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு கணம் பின்வாங்கும். புது மானேஜர் வந்தார், பிறகு வேறொருவர் வந்தார். அந்த ஆங்கிலச் சொல்லை அவர்களும் சில சமயம் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொரு தரமும் எழுந்துபோய், "எதை? இதையுமா? இதுவுமா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். சலித்துக்கொண்டார்கள். சிரித்தும் இருக்கிறார்கள்.

பெரியவர் அதன்பிறகு பதினான்கு வருஷம் மலாக்காவில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு, பழைய ஊருக்கு ஒருமுறை போய்த் திரும்பியதற்கு, கடைசியில் வேலையிலிருந்து நின்றதற்கு, எந்தப் படிவம் வந்தாலும் நேரே என்னிடம்தான் கொண்டுவருவார். எந்த நாட்டுப் பிரஜை என்று ஒரு கட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். அதை நிரப்பும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவரும் நான் என்ன எழுதுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. முடித்ததும் பெருவிரலை நீட்டுவார். நான் மை தொட்டு வைப்பேன்.